கிடாய்க் கொம்பில் வளையல்

என் சாமிக்கு, என் மூத்த மகளுக்கு,

காலையில் நடந்ததைச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். அடுப்பு அணைந்தால் அணையட்டும்.

ஏரி வற்றியதால் ஊரே கூடி மதகைப் பிரித்துக் கட்டுகிறது. ஊர் உண்டான காலத்தில் கரை நிற்பதற்காக நம் வீட்டு மூத்த பெண்ணை உயிரோடு புதைத்தார்கள் என்பார்களே, அந்த மதகுதான். அவள் வளையல் கையோடு மண்ணுக்குள் போனாளாம். அதனால்தான் நம் வீட்டு மூத்த பெண்கள் வளையல் போடக் கூடாது, கரையில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். உன் வெறுங்கையைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனதையும், நீ ஜலகண்டாபுரத்து அத்தை வீட்டுக்குப் போனதையும் இப்போது பேச வேண்டாம்.

அடிக்கல்லைப் பெயர்த்ததும் எலும்பு தெரிந்தது. எல்லாரும் பின்வாங்கினார்கள். நான் இறங்கி மண்ணைத் தள்ளினேன். மனிதத் தலை இல்லை சாமி, கிடாய்த் தலை! இரண்டு கொம்பிலும் சங்கு வளையல் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே வெறும் பாறை.

ஊர்க்கவுண்டர் பதறிப்போய், "மூடுங்க, ஊருக்கு ஆகாது" என்றார்.

"ஏனுங்க மூடோணும்? எங்க பொண்ணு சாகலீங்க! பெத்தவ கெடாயை வெச்சு மூடிப்போட்டு, புள்ளையத் தப்பிக்க உட்டிருக்கறா. எல்லாரும் நல்லாப் பாருங்க!" என்று தலையைத் தூக்கிக் காட்டினேன்.

உன் அப்பாவிடம் பச்சைக் கண்ணாடி வளையல் கொடுத்தனுப்புகிறேன். உன் கை அளவு எனக்குத் தெரியாது. அதனால் எல்லா அளவிலும் வாங்கியிருக்கிறேன். கை நிறைய அடுக்கிக்கொள். சுற்றுப் பாதையில் வராதே. கரை மேலேயே வளையல் குலுங்க நடந்து வா. மதகின் மேல் நிற்பேன்.

உன்னைப் பெற்றவள்