இசை நின்றபோது

ஜூலை 12, ஞாயிறு.

மச்சினன் பாபு பேய்ப்படத்துக்கு இழுத்துப்போனான். அதே பழைய வித்தை. ஒருத்தி விளக்கைப் போடாமல் மாடி ஏறுவாள். டைரக்டர் இசையை நிறுத்திவிட்டு ஒரு பூனையைக் காட்டுவான். நாம் மூச்சு விட்டதும் காதைக் கிழிக்கும் சத்தம். தட்டைக் கீழே போட்டால் கைக்குழந்தைகூடத் துள்ளும். இதற்குப் பெயர் திகிலாம்!

ஆனால் இசை நின்றதும் நான் என் விரல்களைத் தடவியிருக்கிறேன். பாபு கவனித்துவிட்டான்.

"இன்னா மாமா, பயந்துகினு கீறியா?"

"இந்தக் குப்பைக்கா? போடா."

அம்பத்தூரில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் எங்கள் பிரஸ் ஷாப்பில் நாள் முழுக்க இரைச்சல்தான். யாருடைய கையாவது மாட்டினால்தான் எல்லா மெஷினும் ஒன்றாக நிற்கும். அந்த அமைதியில் ஒவ்வொருவனும் முதலில் தன் கையைப் பார்ப்பான். பிறகுதான் யாரென்று திரும்புவான்.

போன மாதம் அது செல்வம். நாளையிலிருந்து அவன் மெஷினில் நான்.