ஆறா, ஏழா

ஏப்ரல் 7, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கொட்டகையின் மேற்குக் கூரை ஒழுகுகிறது. தகரம் இரண்டு, ஆணி, ஆள். இந்த வாரமே.

பால் பதினெட்டு லிட்டர். போன மாதம் இருபத்தெட்டு. ஒன்பது மாட்டில் மூன்று வற்றிவிட்டன. நம் பாலை நம்பியிருக்கும் கிள்ளான் வீடுகள் பதினான்கு. இன்று நான்கு வீட்டுக்கு "இல்லை" என்று சொல்லும்படி ஆயிற்று. பிடிக்காத சொல்.

மகன் சேகர் ஷா ஆலமிலிருந்து வந்தான். பப்பாளி கொண்டுவந்தான், கூடவே உபதேசமும்.

"மாட்டையெல்லாம் குடுத்துட்டு எங்களோட வந்து இருங்கம்மா. போதும்லா."

"ஒரு மாடு வாங்கினா சரியாப் போகும்."

"யாரு வாங்குறது? அப்பா இருந்தாரு, வாங்கினாரு. உங்கள நல்லா ஏமாத்திடுவாங்க."

ஏமாற்றுவார்களாம். கான்வென்ட்டில் கணக்குக்கு ஆண்டுதோறும் பரிசு வாங்கியவளை. பேச்சு வளர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது: ஒரு கறவை மாடு, நானே வாங்குவேன், 7,000 ரிங்கிட்டுக்கு மேல் போகமாட்டேன். ஏமாந்தால் ஒன்பதையும் விற்றுவிட்டு ஷா ஆலம், பதின்மூன்றாவது மாடி. வாக்குக் கொடுத்துவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

ஏப்ரல் 8, புதன்

வெயில். கூரை ஆள் வரவில்லை.

மாடு வைத்திருப்பவர்கள் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று தொலைபேசியில் விசாரணை. குறிப்பு:

காப்பார் முருகையா, போன தைப்பூசத்துக்கு முன் வாங்கியது: "அஞ்சரைதான்க்கா." பின்னாலிருந்து அவர் மனைவி: "ஆறரை! பொய் சொல்றாரு!"

சுங்கை வே மாமா: ஆயிரத்து இருநூறு. எப்போது வாங்கினீர்கள் என்றேன். மகள் திருமணத்தின்போது. அந்த மகளுக்கே பேரன் பிறந்துவிட்டான்.

மேரு பக்கம் ஒருவர் விற்கிறார்: ஒன்பது. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குவதால் எல்லா மாட்டுக்கும் விலை ஏறிவிட்டதாம்.

ஆக, வாங்கியவர் குறைத்துச் சொல்கிறார், விற்பவர் கூட்டிச் சொல்கிறார். மனைவியர் மட்டும் உண்மை. என் தீர்மானம்: நல்ல சினை மாட்டுக்கு ஏழு. அதுதான் நியாயம்.

ஏப்ரல் 10, வெள்ளி

பால் பதினேழு.

பால் கறக்கும் செல்லம்மா ஒரு செய்தி கொண்டுவந்தாள். பந்திங்கில் பெருமாள் என்பவரிடம் நிறைமாதச் சினை மாடு. மூன்றாவது ஈற்று. ஆனால் ஒரு சிக்கல்.

"அவரு வாயால வெல பேச மாட்டாருக்கா. துண்டுக்குள்ள கையப் பிடிச்சித்தான். மாட்டுக்கு முன்னால வெல சொன்னா மாடு கோவிச்சுக்குமாம்."

அந்நிய ஆணின் கையைப் பிடிப்பதா? துண்டுக்குள்ளா? கான்வென்ட் சிஸ்டர்கள் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

செல்லம்மா கற்றுக்கொடுத்தாள். விலை சொல்பவர் மற்றவரின் விரலைப் பிடிக்க வேண்டும். ஒரு விரல் என்றால் ஆயிரம். முழுக் கையும் பிடித்தால் ஐயாயிரம். ஏழுக்கு முதலில் முழுக் கை, விட்டுவிட்டு இரண்டு விரல். என் வீட்டுக்காரர் இதை நாற்பது ஆண்டுகள் செய்திருக்கிறார், என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

பயிற்சி பத்து முறை. என் வலக்கை மூட்டுகள் வீங்கியிருப்பதால் பிடி சரியாக விழவில்லை. "நல்லா அழுத்திப் புடிங்கக்கா, இட்லி மாவா கரைக்கிறீங்க?" என்கிறாள். மரியாதை தெரியாதவள். ஆனால் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

என்ன ஒரு நாள்! வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் சிரிப்பில் ஏதாவது விட்டுப்போகும்.

சேகர் காரோட்டினான். பந்திங் தாண்டிச் செம்பனைத் தோட்டத்து மண் பாதை. கா. 10 மணி. பெருமாள், ஐம்பத்தைந்து வயது இருக்கும், பெரிய மீசை. மாடு சிவப்பு, நெற்றியில் வெள்ளை. நல்ல கண், நல்ல பல், அகன்ற வயிறு. சேகர் என் காதில், "வயிறு இருக்கு, மடியக் காணோமே."

பெருமாள் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அந்தத் துண்டைப் பற்றி எழுத மாட்டேன். என் கைப்பையிலிருந்து என் துணியை எடுத்தேன்: தேநீர்த் தட்டில் விரிக்கும் வெள்ளைத் துணி, கான்வென்ட் தையல் வகுப்பில் நானே பூப்போட்டது, கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது.

"ஆன்ட்டி, இது சின்னதா இருக்கே. வெல வெளிய எட்டிப் பாக்கும்."

"சுத்தமா இருக்கு. போதும்."

துணிக்குள் அவர் முதலில் பிடித்தார். முழுக் கை, பிறகு மூன்று விரல். எட்டு. நான் பேரம் பேசுவதில்லை. சரியான விலை எப்போதும் ஒன்றுதான். முழுக் கை பிடித்தேன். பிறகு இரண்டு விரல். அவர் வெகுநேரம் மாட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி ஆன்ட்டி" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஏழாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். எண்ணினார். ஆயிரத்தைத் திருப்பி நீட்டினார்.

"ஆறுதானே சொன்னீங்க."

"ஏழு."

"ஒரு வெரலுதான் புடிச்சீங்க ஆன்ட்டி."

"ரெண்டு பிடிச்சேன்."

"ஒண்ணு!"

என் மூட்டுதான் காரணம். இரண்டாவது விரல் பிடியிலிருந்து நழுவியிருக்கிறது. ஆனால் நான் நினைத்தது ஏழு. நினைத்த விலையைக் கொடுக்காமல் வருவது திருட்டு. அவருக்கோ துண்டுக்குள் சொன்னதுதான் விலை; மேலே ஒரு காசு வாங்கினால் பந்திங்கே சிரிக்குமாம். நான் நீட்ட, அவர் தள்ள, நடுவில் மாடு.

எட்டுக்கு விற்க வேண்டியதை ஆறுக்கு ஏன் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"எறச்சிக்குக் கேட்டவங்க எட்டுக்கு மேலயும் குடுப்பாங்க. நம்ம கையால வளத்தது, மனசு வரல. உங்க வீட்டுல மாடு வயசாகிப் போற வரைக்கும் இருக்கும்னு செல்லம்மா சொல்லிச்சு. அதான்."

அதற்குப் பிறகு ஆறு கொடுக்க முடியுமா? சேகர் காரில் சாய்ந்துகொண்டு, "உலகத்துலயே வெலய ஏத்திக் கேக்குற ஒரே ஆளு எங்கம்மாதான்" என்றான். பிறகு என் பக்கம் குனிந்து, "ஆறுக்கு முடிஞ்சத ஏழுக்கு வாங்கினா அதுவும் ஏமாந்ததுதான்மா. ஞாபகம் வச்சுக்குங்க."

சிக்கிக்கொண்டேன். கடைசியில் பெருமாள்தான் வழி சொன்னார். காளைக்கன்று போட்டால் ஆறு. கிடாரி போட்டால் ஏழு. அதுவரை அந்த ஆயிரம் என்னிடம். துணிக்கு மேலே, எல்லோரும் பார்க்க, கை குலுக்கினோம்.

"தீர்ப்பு கன்னு பொறந்ததும்" என்றான் சேகர். "மடியில பால் எறங்கலன்னா ஷா ஆலம்தான். ஓகேவாமா?"

ஓகே என்றேன். வேறென்ன சொல்ல.

வீட்டுக்கு வந்து கையை ஒரு முறைதான் கழுவினேன்.

ஏப்ரல் 13, திங்கள்

லோரியில் மாடு வந்தது. அழகாக இறங்கினாள், ராணி போல. நாளை புத்தாண்டு. செல்லம்மா மஞ்சள் குங்குமம் வைத்தாள். மற்ற ஒன்பதும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தின்னப் போய்விட்டன.

கூரை ஆள் வந்தான். ஆணியைத் தவிர எல்லாம் கொண்டுவந்தான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மடி இன்னும் சிறியதுதான். சேகர் தொலைபேசியில், "பதிமூணாவது மாடியில காத்து நல்லா வரும்மா." வைத்துவிட்டேன்.

செல்லம்மா கவலையே படவில்லை. "எறங்கும்க்கா. நீங்க போயி போயி பாத்தா அது வெக்கப்படுது."

பால் பதினாறு. வத்தக்குழம்பில் உப்பு அதிகம். மனம் வேறெங்கோ.

ஏப்ரல் 24, வெள்ளி

மடி! பூசணிக்காய் போல! இரண்டே நாளில். செல்லம்மாவுக்கு நூறு முறை காட்டினேன். "நாந்தான உங்களுக்குக் காட்டினேன்" என்கிறாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கா. 9.20. கன்று. செல்லம்மாவின் கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்: "கெடேரிக்கா! கெடேரி!"

பெருமாளுக்குத் தொலைபேசி. "ஏழு" என்றேன், ஹலோகூடச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஜெயிச்சிட்டீங்க ஆன்ட்டி." ஆயிரம் ரிங்கிட் கொடுக்கப்போகிறவள் நான். ஜெயித்தவளும் நான். என்ன கணக்கோ.

மதியம் சேகர் வந்தான். சீம்பால் காய்ச்சிக் கொடுத்தேன், வெல்லம், ஏலக்காய். இரண்டு கிண்ணம் தின்றான். கொட்டகையில் மடியைப் பார்த்தான், கன்றைப் பார்த்தான், விரல் விட்டு ஏதோ எண்ணினான்.

"ஏழாயிரத்துக்கு ரெண்டு மாடு."

"ஆமா."

"அப்பாகூட இப்படி வாங்கினதில்ல."

இந்த வரியை அடிக்கோடிட்டு வைக்கிறேன். ஷா ஆலம் பேச்சு எழவில்லை. போகும்போது, அந்த ஆயிரத்தைத் தானே பந்திங் கொண்டுபோய்க் கொடுப்பதாக வாங்கிக்கொண்டான்.

ஏப்ரல் 30, வியாழன்

மழை. புதுக் கூரை ஒழுகவில்லை.

பால் இருபத்து நான்கு, கன்றுக்குப் போக. அந்த நான்கு வீட்டுக்கும் நாளை முதல் உண்டு என்று நானே தொலைபேசியில் சொன்னேன்.

துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டாயிற்று. ஓரத்தில் ஒரு சாணிக் கறை போகவில்லை. இருக்கட்டும்.

கன்றுக்கு வாளியில் பால் குடிக்கப் பழக்குகிறோம். பாலுக்குள் விரலை வைத்தால் சப்பிக்கொண்டே குடிக்கும் என்றாள் செல்லம்மா. வைத்தேன். என்ன பிடி! வீங்கின மூட்டு, வலி எதையும் அது பார்க்கவில்லை. இரண்டு விரல். சரியாக இரண்டு.