போர்வை மீன்

ஜூலை 8, திங்கள்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவிடம். காட்டினால் என் தம்பி என்னோடு இருக்கமாட்டான்.

அம்மா இறந்து இன்றோடு நாற்பத்து மூன்று நாள். அவளுடைய படக்கதை பைபிளையும் கதைப் பொம்மைகளையும் அப்பா மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். அப்பா சர்ச்சுக்குள் வந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவை ஸ்கூட்டரில் கூட்டிப்போய், முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பார். அதே அப்பா இன்று சொன்னார்: “அவ கும்புட்டதுக்கே அந்தச் சாமிக்குக் காது கேக்கல. இனி அந்தக் கதையெல்லாம் இந்த வூட்டுல வேணாம்மா.”

இன்னொரு தடவை காதில் விழுந்தால் தம்பி அன்புவை முத்தாண்டிக்குப்பத்தில் கண்ணகி அத்தையிடம் விட்டுவிடுவாராம். நான் பத்தாவது படிக்கிறேன், அது ஒரு காரணமாம்.

ஜூலை 10

கதை சொல்லிவிட்டேன்.

பகலில் பக்கத்து குவார்ட்டர்ஸ் அமிர்தம் அக்கா அன்புவைப் பார்த்துக்கொள்கிறார். பள்ளி விட்டு வந்ததிலிருந்து நான். அப்பாவுக்கு செகண்ட் ஷிப்ட். வாசலைப் பார்த்துப் பார்த்து அழுதான், சோறு வேண்டாமாம். மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன சமாதானம் சொல்வது?

அம்மா ஞாயிறு பள்ளி டீச்சர். “கையில ஒண்ணக் குடுத்துட்டுக் கதைய ஆரம்பி. வெறும் வாயால சொன்னா சின்னதுங்க ஓடிரும்” என்பாள். குளிக்கிற டப்பில் தண்ணீர் பிடித்துச் சோற்றுச் சட்டியை மிதக்கவிட்டேன். இரண்டு துணி கிளிப், இரண்டு ஸ்பூன், இரண்டு உருளைக்கிழங்கு, எல்லாம் ஜோடி ஜோடியாக நோவாவின் பேழையில் ஏறின. உருளைக்கிழங்குதான் யானையாம். யானைக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய். தட்டு காலி.

நோவா பேசும்போது என் தொண்டையிலிருந்து அம்மா குரல் வந்தது. பயந்துவிட்டேன். மறுபடி கேட்கவேண்டும் போலவும் இருந்தது.

ஜூலை 11

ஈரத்தைத் துடைத்துவிட்டேன். அப்பாவுக்குத் தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

அப்பாவுக்கு ஞாயிறும் ஷிப்ட். இன்று யோனா கதை. போர்வைதான் மீன், உள்ளே அன்பு. யோனா மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்ததால் நான் மூன்று எண்ணுவேன், மீன் அவனைத் துப்பிவிடும். பத்துப் பதினைந்து தடவை துப்பியாயிற்று. மீன் எவ்வளவு பெரிசு என்று கேட்டான். அவன் கடலைப் பார்த்ததில்லை. அப்பா மெஷின் மாதிரி என்றேன். நிலக்கரி மைன்ஸில் அப்பா ஓட்டும் மெஷினை அவனுக்குத் தெரியும், அப்பா போனில் தினமும் பார்ப்பான். மண்ணை வாரி விழுங்கிப் பின்னால் பெல்ட்டில் துப்பும்.

போர்வையிலிருந்து தலையை நீட்டினான். பிறகு, “அம்மாவ மண்ணுதானே முழுங்கிச்சு?” என்றான்.

கல்லறைத் தோட்டத்தில் அன்று அவன் என் இடுப்பில் இருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான்.

அம்மா அப்படித் திரும்பி வரமாட்டாள் என்று நான் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். ஆனால் இன்று அவன் அழாமல் தூங்கினான். அதனால் சொல்லவில்லை.

ஜூலை 15

காலையில் எழுந்ததும் “ஒண்ணு” என்றான். நாளைக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 17, புதன்

சொல்லவே இல்லை.

அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பி ஹெல்மெட்டை எடுத்தார். அன்பு கட்டிலுக்கு அடியில் புகுந்து அம்மா செருப்பை எடுத்து வந்து அப்பா கையில் கொடுத்தான்.

“அப்பா, மூணு ஆயிடுச்சு. உன் மெஷின் இன்னிக்கு அம்மாவத் துப்பிரும். செருப்ப எடுத்துக்கினு போ. கல்லு குத்தும்.”

அப்பா அப்படியே தரையில உக்காந்துட்டாரு. யாரு சொன்னதுன்னு கேக்கல. என்னைத் திட்டல. ஒரு அறை விட்டிருக்கலாம், ஏன் விடல? வேலைக்கும் போகல.

சாயங்காலம் அத்தை வந்தார். “பத்தாவது படிச்சிக்கினு இதையும் பாத்துக்கினு அவ எப்பிடிடா தாங்குவா? நான் வச்சிக்கிறேன்” என்று அப்பாவிடம் சொன்னார். அத்தை கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

பஸ் ஏறும்போது அன்பு போர்வையை விடவில்லை.

ஜூலை 20

டப் காய்ந்து கிடக்கிறது.

ஜூலை 29, திங்கள்

அப்பாவின் டிபன் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் பேப்பரில் சுற்றி அம்மா செருப்பு. இத்தனை நாளும் ஷிப்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். எடுத்த மாதிரியே வைத்துவிட்டேன்.

ஹாலில் போன் அடிக்கிறது. இந்த நேரத்தில் அத்தையாகத்தான் இருக்கும். இல்லை, அன்பு. அப்பா அவனிடம்தான் பேசுகிறார்.

“அழுவாதடா கண்ணு. எனக்குக் கதை சொல்லத் தெரியலடா. இரு, அக்காகிட்டக் குடுக்கறேன். அக்கா சொல்லுவா.”

அம்மா வரமாட்டாள் என்று முதலில் சொல்லவேண்டும். அதன் பிறகுதான் கதை. கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்வாள் அம்மா. போனில் நான் எதைக் கொடுப்பேன்? அந்தப் போர்வையைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லி

அப்பா கதவைத் தட்டுகிறா