இமையில் வைத்த ஐஸ்

மச்சான்,

என் வலது கண்ணில் ஐஸ் இருக்கிறது. துணியில் சுற்றி மனைவி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தொங்கிய இமைக்கு ஒப்பரேசன் செய்து ஐந்து நாள். தண்ணீர் காதுக்குள் ஒழுக, ஒலுவில் துறைமுகம் மணக்கிறது. வீட்டு ஐஸில் மீன் வாடை எப்படி வரும்? ஆனாலும் வருகிறது. கூடவே நீயும் வருகிறாய்.

ஒரே லொறியில் எத்தனை வருஷம் மீன் ஏற்றினோம்! நான் ஓட்டுவேன், நீ விலை பேசுவாய். விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வரும்போது உன் கண்கள் நன்றாகத் திறந்திருக்கும். பின்னேரம் அஸருக்குப் பிறகு இரண்டு இமையும் பாதிக்கு இறங்கிவிடும். தலையைப் பின்னால் சாய்த்துத்தான் ஆளைப் பார்ப்பாய். பேச்சும் மூக்கால் வரும். மீன் பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து இமையில் வைப்பாய், கொஞ்ச நேரத்தில் கண் திறந்துவிடும். துறைமுகமே அதை வித்தை பார்ப்பதுபோல் பார்த்துச் சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்.

பிறகு ஊர் வேறு மாதிரிக் கதைத்தது. கண் சொருகி, நாக்குத் தடுமாறினால் குடிகாரன்தானே? வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத உன்னைச் சொன்னார்கள். பள்ளிவாசலில் ஒருவர் உன் பக்கத்து இடத்தை விட்டு விலகி நின்றார். அன்றைக்குத்தான் டாக்டரிடம் போக ஒத்துக்கொண்டாய்.

ஆஸ்பத்திரி வாசலில் லொறியை நிறுத்தினேன். "இந்தக் கண்ணோட உள்ள போனா டாக்டரும் குடிகாரன் எண்டுதான் நெனப்பாரு. கொஞ்சம் ஐஸ் எடு மச்சான்" என்றாய். நான் எடுத்தேன். என் சாரன் தலைப்பில் சுற்றி, உன் இரண்டு கண்ணிலும் நானே பிடித்தேன். கண் திறந்தது. "இப்ப புது மாப்பிள மாதிரி இரிக்காய், போ" என்றேன். டாக்டர் பார்த்தபோது உன் இமையில் ஒரு குறையும் இல்லை. களைப்பாக இருக்கும், நன்றாக ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வீடு வந்தோம். அடுத்த நோன்பு வருவதற்குள் உனக்குக் கஞ்சிகூட விழுங்க முடியவில்லை. பிறகு மூச்சுவிடவும் முடியவில்லை. உன் ஜனாஸாவைத் தோளில் சுமந்தபோதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இந்த வருஷம் என் இமையும் இறங்கியது. வலது பக்கம் கூடுதல். எதிரில் வரும் லொறி பாதிதான் தெரிந்தது, சாவியை வைத்துவிட்டேன். ஒப்பரேசன் என்றதும், "இந்த வயசில அழகு பாக்கப் போறியா?" என்று துறைமுகத்தில் கேட்டார்கள். ஓட்டத்தான் போகிறேன் என்றேன்.

கண் டாக்டர் ஒரு தமிழ்ப் பெண் பிள்ளை. புருவத்தை விரலால் அழுத்திக்கொண்டு, மேலே கீழே பார்க்கச் சொல்லி, இமையை அடிமட்டத்தால் அளந்தா. பிறகு கையுறைக்குள் ஐஸ் போட்டு என் இமையில் வைத்தா. இரண்டு நிமிஷம். எடுத்துப் பார்த்து, "உயரல்ல. அப்ப ஒப்பரேசன் செய்யலாம்" என்றா.

"உயர்ந்திருந்தா?"

"கத்தி வைக்கமாட்டம் ஐயா. அது தசை சோர்ந்துபோற வருத்தமா இருக்கலாம். அதுக்குக் குளிசை மருந்துதான். கவனிக்காட்டி மூச்சையும் பிடிக்கும்."

உன்னைப் பற்றிச் சொன்னேன். "ஆளைப் பாக்காமச் சொல்லேலாது" என்றா. சொல்லாவிட்டால் என்ன? வெளியே வந்து, சுவரைப் பார்த்து நின்று அழுதேன். உன் நோயை டாக்டரின் கண்ணுக்கு மறைத்தது என் கைதான் மச்சான்.

எனக்கு இமையைத் தூக்கும் தசை நல்லது, அதன் பிடிதான் வலைக்கயிறு தளர்வதுபோலத் தளர்ந்திருந்தது. அதை இழுத்துத் தைத்தார்கள். தசையே செத்திருந்தால் இமையைப் புருவத்தோடு சேர்த்துத் தூக்கிக் கட்டுவார்களாம். மயக்காமல், விறைப்பூசி மட்டும்தான் போட்டார்கள். நடுவில் எழுப்பி இருத்தி, "கண்ணைத் திறங்க" என்று உயரம் பார்த்துத் தைத்தார்கள்.

நாளை தையல் வெட்டப் போக வேண்டும். எல்லாம் சரியென்றால் இடது கண்ணுக்கும் நாள் தருவார்கள், பிறகு நான் லொறி ஏறலாம். ஆனால் வலது கண் நித்திரையில் முழுதாக மூடவில்லை. விடிந்தால் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது.

சற்று முன் மனைவி எட்டிப் பார்த்தாள். "மூடல்ல எண்டு செல்லிராதீங்க, மத்தக் கண்ணப் பிந்தப் போட்டிருவாங்க. காலையில ஒருக்கா ஐஸ் வெச்சிட்டுப் போனா வீக்கமும் தெரியாது."

"வேணாம். இரிக்கிற மாதிரியே போறன்" என்றேன்.

"என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்?"

வீங்கியிருந்தால் வீங்கியபடி, மூடாவிட்டால் மூடாதபடி நாளை போய் டாக்டர் முன்னால் இருப்பேன். மற்றக் கண் எத்தனை மாதம் பிந்தினாலும் பிந்தட்டும். துணியை எடுத்து வெளியே உதறிவிட்டேன் மச்சான். ஐஸ் முற்றத்து மணலில் கரைந்துகொண்டிருக்கிறது.