சூளகிரி ஏற்றத்தில் பதினொரு நிமிடம்

திருவண்ணாமலை
27.01.2026, செவ்வாய், காலை மணி 6.10
மொத்தம் மூன்று தாள்

அன்புள்ள மதிவதனிக்கு,

அண்ணன் இளஞ்செழியன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ரேவதியும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், அந்த ஸ்வீடன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பா அம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவர்கள் எழுதியிருப்பார்கள், பன்னிரண்டு வருடமாக அந்த இடத்தில் நான் இருப்பதால் நான் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். நிலத்தில் மல்லாட்டை முளைத்துவிட்டது, விதைக்கடலையைத் தோண்டும் பன்றித் தொல்லை இந்த வருடம் ஜாஸ்தி. ரேவதிக்கு ஐந்தாம் மாதம், வாந்தி நின்றுவிட்டது. நீ அனுப்பச் சொன்ன புளிக்காய்ச்சல் தயார், ஆள் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இனி விஷயம். ஞாயிற்றுக்கிழமை தொடர் சைக்கிள் போட்டி உனக்குத் தெரியும், இங்கிருந்து ஓசூர் போய்த் திரும்ப முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர், நாலு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். கூடப் போகும் வேனை உனக்கு நிச்சயம் செய்திருக்கும் மாறன் ஓட்டினான். மெக்கானிக்கும் பொறுப்பாளரும் நான். யாரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு போகவில்லை என்று கடைசியில் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவனும் நான்தான். கிருஷ்ணகிரி தாண்டியதும் இரண்டாவது ஆள் அருள்ராஜ் ஏறினான். அப்போது மாறன், "டேய் மச்சான், ஐஸ் தீந்துட்ச்சி, நீ பைக் எடுத்துக்கினு முன்னாடி போய் சூளகிரில வாங்கி வெச்சிக்கினு நில்லு, நான் பாத்துக்கறேன்"னு சொன்னான். போனேன். இரண்டு மூட்டை ஐஸ் வாங்கிக்கொண்டு வெயிலில் நின்றேன். வேன் வந்ததும் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் ஐஸ் அப்படியே இருந்தது. இவனுக்குக் கணக்கே வராது என்று நினைத்துச் சிரித்தேன், அவ்வளவு முட்டாள் நான்.

நாலு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தோம். கையெழுத்துப் போட்டேன். நேற்று சாயங்காலம் வழக்கம்போல எல்லா சைக்கிளும் கழுவ என்னிடம் வந்தன. அருள்ராஜின் சைக்கிளில் சக்கர வேகத்தையும் பெடல் சுற்றையும் குறித்துவைக்கும் கருவியை நான் பொருத்தியிருந்தேன். திரை அணைந்திருந்தாலும் அது குறித்துக்கொண்டேதான் இருக்கும், அணைத்துவிட்டால் போதும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். பதினொரு நிமிடம் நாற்பது விநாடி, வேகம் முப்பத்தொன்று, பெடல் சுற்று பூஜ்யம். இறக்கத்தில் என்றால் சரி. அது சூளகிரி ஏற்றம். எப்பேர்ப்பட்ட ஆளும் அங்கே பதினேழுக்கு மேல் போக மாட்டான். ஆறு கிலோமீட்டரும் வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான், ஒன்பதரை நிமிடம் லாபம். அதைக் கழித்தால் நாம் ஜெயிக்கவே இல்லை.

மாறனை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவே இல்லை. "அருளுக்கு ஏறும்போதே கால் புடிச்சிக்கிச்சிடா, என்ன பண்ண சொல்ற, உன்கிட்ட சொன்னா பெரிய ஜட்ஜு மாதிரி ரேஸையே நிறுத்தியிருப்ப"ன்னான். நிறுத்தியிருப்பேன்தான். ரேவதி உள்ளேயிருந்து, "ஐஸ் வாங்க அனுப்புனீங்களே, அப்படியே ஒரு பொம்மையும் வாங்கிக் குடுத்திருக்கலாமே, வெளையாடிக்கினு நின்னிருப்பாரு"ன்னாள். அவன் சிரித்தான். அதுவரைகூடப் பொறுத்துக்கொண்டேன். போகும்போது படியில் நின்று, "மதிக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும், அவதான் அண்ணன்கிட்ட இப்ப சொல்லாதீங்கன்னா"ன்னான்.

நேற்றுக் காலை நீ போன் செய்து, "அண்ணா, நீ கட்டுன வீலுதாண்ணா ஜெயிச்சுது"ன்னு சொன்னாய். நான் அதை ரேவதியிடம் இரண்டு தடவை சொன்னேன், கடையில் ஒருத்தரிடம் சொன்னேன். தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறாய். மாறன் என்னை வெயிலில் நிறுத்தியது ஒரு மணி நேரம். நீ சொன்னது இன்னும் முடியவில்லை. நான் கோபக்காரன், பேச்சு நறுக்கென்று இருக்கும், ஒத்துக்கொள்கிறேன், அதற்காக என்னைக் கையெழுத்துப் போடும் பொம்மையாக்கலாமா? உன்னிடம் நான் எப்போதாவது ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேனா, அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக்கூடப் பதினாறு வயதில் உன் கையில்தான் கொடுத்தேன்.

உடம்பு நோகாமல், நல்ல வேலையும் நல்ல மனசுமாக நீ இருக்க வேண்டும், இந்தக் கோபத்திலும் நான் வேண்டிக்கொள்வது அதைத்தான். விட்டமின் மாத்திரையை நிறுத்தாதே. இனி நான் செய்யப்போவது:

1. எட்டு மணிக்குக் கீழ்பென்னாத்தூர் போய் சிந்துஜாவிடம் நேரில் சொல்வேன். மூன்றாவது ஆளாக எழுபத்தெட்டு கிலோமீட்டர் நேர்மையாக ஓட்டியவள், அவள் மெடலும் போகிறது. திட்டினால் நின்று வாங்கிக்கொள்வேன்.

2. பத்து மணிக்குப் போட்டி நடத்தியவர்களிடம் கருவியின் பதிவைக் கொடுத்து, என் கையெழுத்து தப்பு என்று எழுதிக் கொடுப்பேன்.

3. இனி மாறன் ஓட்டும் வண்டியில் ஏற மாட்டேன்.

4. வைகாசி முகூர்த்தத்தில் கை வைக்க மாட்டேன், செங்கம் ரோடு மண்டபமும் அப்படியே இருக்கும். அது உன் முடிவு.

5. நீ கூப்பிட்டால் எடுப்பேன். நீ சொல்வதை நம்புவேனா என்று இன்றைக்குத் தெரியவில்லை. எடுப்பேன்.

உன் அண்ணன்,
இளஞ்செழியன்