உன் அறையில் அடுக்கிய புல்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. என் இடுப்பும் உன் அப்பாவின் முழங்காலும் அதை ஒப்புக்கொள்ளாது, மற்றபடி நலம்தான். உன்னிடம் நலமா என்று கேட்டால் "நல்லாருக்கேன்மா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் வக்கீல் எப்படி இருக்கான் என்று கேட்கிறாய். எதிர்வாதம் செய்யாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காத குதிரைக்குப் பொருத்தமான பெயரைத்தான் வைத்தாய். அவனும் நலம். பல் முதல் குளம்பு வரை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளப்படுகிறவன் இந்தக் குடும்பத்தில் அவன் ஒருவன்தான், நலமாக இல்லாமல் என்ன.

போனில் சொல்லக்கூடியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் எடுத்தால் உன் அப்பா எதிரில் வந்து நின்று, குழந்தையைத் திட்டாதே என்று கையாலேயே கெஞ்சுவார், நீயும் சரியான இடம் வரும்போது "சிக்னல் போகுதும்மா" என்று வைத்துவிடுவாய். காகிதத்துக்கு அந்த வசதி இல்லை. போன மாதம் நீ அனுப்பிய செய்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். "சர்டிபிகேட் தேட வேணாம்மா, இங்க கிடைச்ச பிசியோதெரபி சீட்டை விட்டுடலாம்னு இருக்கேன். லாயத்துல வாடகை ஏத்திட்டாங்கன்னு அப்பா சொன்னாரு. முதியோர் இல்லத்துல நைட் ஷிப்டும் சேர்த்துப் பார்த்தா வக்கீல் செலவை நானே பார்த்துக்குவேன், நீங்க கஷ்டப்படாதீங்க." ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்க் குடுவைகளுக்கு நடுவே நின்றுகொண்டு இதைப் படித்தேன். அன்றைக்குச் செய்த பரிசோதனையை மறுநாள் மறுபடியும் செய்ய வேண்டியிருந்தது. கஷ்டப்படாதீங்க என்று நீ எழுதிய அந்த ஒரு வார்த்தையில் வந்த கஷ்டம்தான் அதுவரை பட்டதில் பெரியது. எனவே இங்கே என்ன நடந்தது, நடக்கிறது என்பதை உன் அப்பாவின் மெருகு இல்லாமல் சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

லாயக்காரர் வாடகையை ஏற்றியது உண்மை. ஏன் என்று கேட்டதற்கு "நான் என்ன மேடம் பண்றது, தண்ணிக் கட்டணம் ஏறிடுச்சே" என்றார். நான் வேலை பார்ப்பதே தண்ணீர் வாரியத்தில், ஏறவில்லை என்று சொன்னேன். கொஞ்சமும் அசராமல் "அப்போ ஏறப் போகுது மேடம்" என்றார். அவரோடு வாதாட வக்கீலைத்தான் அனுப்ப வேண்டும். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். விடுமுறை நாள் காலையில் நான் போய் அந்த வரிசைக் கொட்டடிகளைச் சுத்தம் செய்து கொடுத்தால் ஏற்றியதில் பெரும்பகுதியைக் கழித்துக்கொள்வார். முதுகலைப் பட்டம் வாங்கியபோது இப்படி ஒரு பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருந்தேன், இப்போது நானே சொல்கிறேன். சாணம் அள்ளுவதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, ஆய்வுக்கூடத்தில் வருகிற சில மாதிரிகளுக்கு அது எவ்வளவோ மேல். திங்கட்கிழமை காலையில் நாற்காலியிலிருந்து எழுவதுதான் சிரமம். லாடக்காரர் வந்தபோது, ஓடாத குதிரைக்கு நாலு காலிலும் எதற்கு என்று கேட்டேன். "கேக்க மாட்டீங்களான்னுதான் இருந்தேன், முன்னங்காலுக்கு மட்டும் போதும்மா" என்றார். கேட்காதவர்களுக்கு நாலு காலிலும் அடிப்பார் போலிருக்கிறது. வக்கீல் இப்போது பின்னங்கால்களில் வெறுங்காலோடு நிற்கிறான், அவனுக்கு ஆட்சேபனை இல்லை, அதுவே அதிசயம்.

அடுத்தது புல். அதில்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து முட்டாளானோம். காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டாக லாயக்காரரிடமே வாங்கினால் வருடக் கடைசியில் விலை தாறுமாறாக ஏறுகிறது, அறுக்கிற காலத்தில் பண்ணைக்காரரிடம் மொத்தமாக வாங்கினால் பாதிக்குப் பாதி மிச்சம். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும், பிறகு குதிரை இருமும், டாக்டர் வருவார், மிச்சம் பிடித்ததெல்லாம் அவர் பையில் போய்விடும். ஆகையால் ஒரு கைப்பிடிப் புல்லை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் உலர்த்தும் அடுப்பில் வைத்து எடை பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து "என்ன மேடம், டயட்டா?" என்றாள். ஈரம் இல்லை, வாங்கலாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அதுவரை சரி. வாங்கியதை எங்கே வைப்பது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. லாயக்காரர் தன் புல்லைத் தவிர வேறு புல்லை உள்ளே அடுக்க விடமாட்டார். லாரி வந்து கீழே நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், நான் அலுவலகத்தில் இருக்கிறேன். உன் அப்பா லிஃப்ட் மெக்கானிக், அவர் மூளை எதையும் மேலே ஏற்றுவதில்தான் வேலை செய்யும். நம் கட்டடத்து லிஃப்டில் ஒரு தடவைக்கு நாலு கட்டாக நாலாவது மாடிக்கு ஏற்றி, உன் அறையில், தரையிலிருந்து கூரை வரை அடுக்கிவிட்டார். நான் வந்து பார்க்கும்போது லிஃப்டுக்குள் துரும்பு, படிக்கட்டில் துரும்பு, குடியிருப்போர் சங்கச் செயலாளர் தலையில் துரும்பு. "சார், இது லிஃப்டா இல்ல வைக்கோல் வண்டியா?" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். உன் அப்பா "இதை ரிப்பேர் பண்றதே நான்தான் சார், எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "லிஃப்ட் தாங்கும் சார், நாங்க தாங்கணுமே" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார். அது நியாயமான கேள்விதான். உன் அத்தை அந்த வாரம் வந்தாள், கதவைத் திறந்து பார்த்துவிட்டு "பொண்ணை அனுப்பிட்டுக் குதிரையைக் குடி வைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சாயங்காலமே கிளம்பிப் போய்விட்டாள். அதற்கு மட்டும் உன் அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இனி உன் சான்றிதழுக்கு வருகிறேன். சேர்க்கைக்கு அசல் பட்டச் சான்றிதழ் வேண்டும் என்று நீ கேட்டபோது உன் அப்பா, அது பேங்க் லாக்கரில் இருக்கிறது, சாவியைத் தேடுகிறேன் என்று சொன்னாராமே. நமக்கு எந்த பேங்கிலும் லாக்கர் கிடையாது. அது உன் அறை அலமாரியில்தான் இருந்தது, அலமாரி புல்லுக்குப் பின்னால் இருந்தது. அவர் அடுக்கினால் செங்கல் சுவர் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்து அடுக்குவார், நடுவில் ஒன்றை உருவினால் மொத்தமும் மேலே விழும். வக்கீல் தின்னத் தின்ன வாரத்துக்குக் கொஞ்சமாக மேலேயிருந்து குறையும், அலமாரிக் கதவு தெரிவதற்குள் நீ சொன்ன கடைசித் தேதி போய்விடும் என்று கணக்குப் பார்த்தாராம், பார்த்துவிட்டு என்னிடம்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு, விடிந்ததும் எழுந்து போய் உன் அறைக் கதவுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு வருவார். குதிரை இன்னும் கொஞ்சம் வேகமாகத் தின்றால் தேவலை என்று அவர் புலம்பியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீ சான்றிதழ் வரவில்லை என்றதும், வீட்டில் விருப்பமில்லை, செலவுக்குப் பயப்படுகிறார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறாய். விருப்பமில்லாமல் இல்லை, வழியில் புல் இருந்தது, அவ்வளவுதான்.

உன் செய்தி வந்த மறுநாள் நான் தரகரை வரச் சொன்னேன். ஆமாம், விற்கத்தான். உனக்குக் கோபம் வரட்டும். உன் படிப்பா குதிரையா என்று வந்தால் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அவன் மேல் எனக்குப் பாசம் என்று எதுவும் கிடையாது, அவனுக்கும் என் மேல் கிடையாது, அதனால்தான் எங்களுக்குள் தகராறு வருவதில்லை. கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் நீ வந்து "வாங்கிட்டேன்மா" என்றாய், நான் செருப்பு என்று நினைத்தேன். சவாரிப் பள்ளியை மூடியபோது வேறு யாரும் வாங்காத ஒன்றை நீ வாங்கினாய். அன்றைக்குப் பிறகு உனக்காக நீ எதையாவது வாங்கி நான் பார்த்ததில்லை. இங்கிருந்து அந்தக் குளிர் தேசத்துக்குப் போகும்போது போட்டிருந்த அதே கோட்டைத்தான் இன்னும் வீடியோவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், அதுவும் அறைக்குள். ஹீட்டர் போடுவதில்லை என்று அதிலிருந்தே தெரிகிறது. தரகர் வந்து பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார், சுற்றி வந்தார். வக்கீல் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "அம்மா, இது ஓடவும் ஆகாது, இழுக்கவும் ஆகாது. சும்மா நிக்கிறதுக்கு யாரும்மா காசு குடுப்பா?" என்றார். உன் அப்பா மூலையிலிருந்து "வீட்டுல நானும் சும்மாதான் நிக்கிறேன், என்னையும் சேர்த்து ஏத்திக்கிட்டுப் போங்க" என்றார். சிரிக்க வேண்டிய இடம்தான், யாரும் சிரிக்கவில்லை. தரகர் ஒரு தொகை சொன்னார். வாங்கி எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டேன். "நல்ல இடம்மா" என்றார். எந்த ஊர், யாரிடம் என்று கேட்டேன். "நல்ல இடம்னு சொல்றேன்ல" என்றார். பாசம் இல்லை என்பது வேறு, முகவரி இல்லாத நல்ல இடத்துக்கு ஓர் உயிரை அனுப்புவது வேறு. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் எண்ணைக் கிழித்துப் போடவில்லை, பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

இதற்குள் உன் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டரம்மாவிடம் போனார். மரத்துப்போன வாயோடு, பிடுங்குகிற நேரம் முழுக்கக் குதிரையைப் பற்றியே உளறியிருக்கிறார். அந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும், சின்ன வயதிலிருந்தே குதிரை ஏற ஆசையாம், பயமும் அதே அளவுக்காம். வந்து பார்த்தார். ஏற்றி உட்கார வைத்தோம், வக்கீல் வழக்கம்போல அசையவே இல்லை. "அய்யோ, எவ்வளவு பொறுமை! எனக்கு நிக்கிற குதிரைதான் வேணும்" என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. பொறுமைக்கும் பிடிவாதத்துக்கும் உள்ள வித்தியாசம் போகப்போகத் தெரிந்துகொள்வார். இப்போது வாரத்தில் மூன்று காலை அவர் வருகிறார், தேய்த்துவிடுகிறார், ஏறி உட்காருகிறார், தீனிச் செலவில் பாதி அவருடையது. அவர் கிளினிக்குக்குப் பின்னால் காலியாக ஒரு கார் ஷெட் இருக்கிறது, அதில் புல்லை வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் புல் அதே லிஃப்டில் கீழே இறங்கியது. சங்கச் செயலாளர் தானே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவு சந்தோஷம். கடைசி வரிசை நகர்ந்து அலமாரி தெரிந்ததும் உன் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, நான் திறக்கும் வரை காத்திருக்காமல் அவரே திறந்தார். எல்லாம் வைத்தபடி இருந்தது. பிறகு வெறும் கட்டிலின் மேல் உட்கார்ந்துவிட்டார், முழங்கால் வலி என்றார், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஆகவே நிலவரம் இதுதான். வாடகையில் என் முதுகு ஒரு பங்கு கழிக்கிறது, தீனியில் டாக்டரம்மா பாதி, லாடம் இரண்டு காலுக்கு, மிச்சத்துக்கு எங்கள் சம்பளமும் நீ இதுவரை அனுப்பி வந்ததும் இழுத்துப் பிடித்தால் போதும். வசதியாக இருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். அவனுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று கால்நடை டாக்டரிடம் கேட்டேன், அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் களைத்துத்தான் போயிருக்கிறேன், ஆனால் இந்தக் களைப்பு ராத்திரி தூங்கினால் போகிற ரகம். நீ சீட்டை விட்டுவிட்டால் வருவது தூங்கினாலும் போகாது. நீ அனுப்புவதற்கு மேல் ஒரு காசு கூடுதலாக வந்தால் அது நைட் ஷிப்ட் காசு என்று புரிந்துகொள்வேன், அன்றைக்கே பிரிட்ஜ் கதவில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்வேன். உன் அப்பா அழுவார், டாக்டரம்மா அழுவார், நான் செய்வேன். நான் சொன்னால் செய்கிறவள் என்பது உனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. ஹீட்டரைப் போடு, அதற்கு ஆகும் காசு ஒரு குதிரையைக் கொல்லாது. சேர்ந்த பிறகு ரசீதைப் படம் எடுத்து அனுப்பு, சேர்ந்துவிட்டேன் என்று வாயால் சொல்வது எனக்குப் போதாது. நன்றாகப் படித்து, யாருடைய முழங்காலையாவது ஒருநாள் நீ சரி செய்வாய், உன் அப்பா வரிசையில் முதல் ஆளாக நிற்கிறார். இருவருடைய ஆசிகளும் உனக்கு என்றும் உண்டு கண்ணு. உன் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருக்கிறேன், லீவு கிடைக்கும்போது வா.

சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன், பதிவுத் தபாலில் வருகிறது, கடைசித் தேதிக்கு முன்னால் கைக்கு வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் கேட்டுக்கொண்டுதான் ஒட்டுகிறேன். இரண்டு நாள் வெயிலில் வைத்துப் பார்த்தேன், புல் வாசம் போகவில்லை. கல்லூரி அலுவலகத்தில் நீட்டுவதற்கு முன் ஒருமுறை உதறிவிட்டு நீட்டு.

இப்படிக்கு,
அம்மா