கடல் பக்கத்துச் சீட்

முதலில் மன்னித்துக்கொள். எழுதுகிறவர்களை உனக்குப் பிடிக்காது. வாய் இருக்கும்போது கை எதற்கு என்பாய். குரல் பதிவாக அனுப்பலாம்தான். ஆனால் உன் எண்ணுக்கு அனுப்பினால் இப்போது அது உன் அம்மாவின் கையில் ஒலிக்கும். அதனால் எழுதுகிறேன், அதுவும் தமிழில். பங்குக் கோயில் தமிழ்ப் பள்ளியில் நீ கடைசி வாங்கில் இருந்து எனக்குக் கச்சான் எறிந்த காலத்தில் நான் கவனித்துப் படித்த தமிழ் இது.

காரணம் உன் சிவப்புச் சட்டை. ஐஸ்லாந்தின் மழையும் காற்றும் உள்ளே வராது என்று சொல்லி விற்றார்கள். நீ நம்பாமல், அதைப் போட்டுக்கொண்டு குளியலறையில் தண்ணீருக்குக் கீழே நின்று பார்த்தாயே, அது. நேற்றுப் பின்னேரம் உன் அம்மா மேல் மாடியிலிருந்து இறங்கிவந்து அதை என் மடியில் வைத்தார். கழுத்துப் பட்டியில் உன் தலையெண்ணெய் மணம் இன்னும் இருந்தது. முகத்தைப் புதைத்து அழத்தான் நினைத்தேன். ஆனால் பைக்குள் கை விட்டபோது நாலு தேசிக்காய்கள் உருண்டன. காம்பு வாடாத புதுத் தேசிக்காய்கள். மாசியில் எங்களை விட்டுப் போன நீ அவற்றை அங்கே வைத்திருக்க முடியாது. அழுகை நின்று சந்தேகம் வந்தது. எல்லாம் உன்னோடு திரிந்த பழக்கம்.

"சில்லுக்கு ஒண்டு," என்றார் உன் அம்மா. "காரை எடுத்த உடனை வைச்சு நசிச்சுப்போட்டு வெளிக்கிடுங்கோ. மாதாவுக்கு மெழுகுதிரி நான் கொளுத்துவன்."

"ஆர் அன்ரி வெளிக்கிடுறது?"

"நீயும் பெரியவனும்தான், வேறை ஆர்? அவன் நோர்வேயிலை இருந்து நேரை ஐஸ்லாந்துக்கு வாறான். அவளின்ரை இடம் சும்மா போகக்கூடாது, பிள்ளை."

"அண்ணாவுக்கு லீவு கிடைச்சிட்டுதோ?"

"என்ன நீ, எப்பவும் அண்ணா அண்ணா எண்டுகொண்டு," என்று என் அம்மா இடையில் புகுந்தார். "வளர்ந்த பிள்ளை. பேரைச் சொல்லிக் கூப்பிடன்."

இதைக் கேட்டிருந்தால் நீ கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாய். பாவாடை கட்டிய நாள் முதல் உன் அண்ணாவை நானும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். ஒருவரும் தடுத்ததில்லை. நேற்று மட்டும் அந்த ஒரு சொல் என் அம்மாவுக்கு ஏன் கசந்தது? நான் தலை குனிந்து தேத்தண்ணியைக் குடித்தபடி கவனித்தேன். உன் அம்மா, என் அப்பாவின் தாயார் மன்னாரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். எரிமலை பார்க்கப் போவதற்கு அது எதற்கு? என் அம்மா, குளிர்ச் சட்டைகளோடு ஒரு நல்ல சட்டையும் எடுத்து வைக்கச் சொன்னார். யாருக்குக் காட்ட? அங்கே இருப்பது செம்மறிகள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கார் வாடகைக்கு எடுக்கும் இடத்தில் முதல் ஓட்டுநர் என்று என் பெயர்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு உன் அண்ணாவின் பெயரைப் போடவேண்டுமாம். சனிக்கிழமைக்குள் மாற்றலாம், பிறகு முடியாது. "நோர்வேயிலை இருக்கிற பிள்ளைக்கு உந்த ரோட்டெல்லாம் ஒரு ரோட்டே? நீ பக்கத்திலை இருந்து படத்தை எடு," என்றார் என் அம்மா. அவர் சொன்னபடி செய்தால் சண்டை இல்லை. ஆனால் ஸ்டியரிங் இன்னொருவர் கையில் போனால் அது நாம் திட்டம் போட்ட பயணம் இல்லை. யாரோ கூட்டிக்கொண்டு போகும் பயணம். எனக்கு உள்ளூர எரிந்தது. வாய்தான் திறக்கவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

அந்தப் பயணத்தை உன் குசினி மேசையில் வைத்து இரண்டு குளிர்காலம் போட்டோம். கீழே பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் கடலைமா வடை பொரிக்கிற புகை ஜன்னலால் ஏறிவரும். நான் நீர்வீழ்ச்சிப் படங்களைப் பார்ப்பேன். நீ, போய்ச் சண்டைபிடித்துத் திரும்பியவர்கள் எழுதிய குறைகளை மட்டும் வாசிப்பாய். "இஞ்சை பார், காத்து கார்க் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகுமாம். அதுக்குக் காப்புறுதி இல்லையாம். மணலுக்கும் சாம்பலுக்கும் மட்டும் தனியாக் காசு கேக்கிறாங்கள். சாம்பல் அவங்கடை மலை துப்பினது, காசு நாங்களோ?" என்பாய். தீவின் நடு மலைப்பாதைகளுக்குள் சின்னக் கார் போகக்கூடாது என்ற விதியைக் கண்டதும், அதை உரத்து வாசித்து எனக்குச் சத்தியம் வாங்கினாய். ஒற்றைவழிப் பாலங்களில் யார் முதலில் போவது என்று சீனிப் போத்தலையும் உப்புப் போத்தலையும் ஓட்டிக் காட்டினாய்.

"எத்னா பக்கத்திலை கிடக்கு, எரிமலை பாக்க அவ்வளவு தூரம் ஏன்?" என்று என் அம்மா கேட்டதற்கு, பனியாறு, கறுப்பு மணல் என்று ஏதேதோ சொன்னாய். அவர் போனபிறகு எனக்கு மட்டும் உண்மைக் காரணம் சொன்னாய். "எத்னாவிலை எங்கடை ஆக்கள் திரும்பின இடமெல்லாம் நிக்கினம். அங்கை ஆரடி எங்களைக் கண்டிட்டு வீட்டை போன் அடிக்கப்போறது?"

எந்தத் திசையில் சுற்றுவது என்றும் ஒரு நாள் முழுக்கச் சண்டை. நான் வடக்கால் போகலாம் என்றேன். நீ விடவில்லை. தெற்குக் கரையில் தொடங்கினால்தான் தீவைச் சுற்றி முடிக்கும்வரை கடல் வலது கைப் பக்கம், அதாவது ஓட்டாதவர் இருக்கும் பக்கம், வரும். "கடல் என்ரை சீட் பக்கம் வரவேணும். நீ ரோட்டைப் பார், நான் கடலைப் பாக்கிறன்." அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. இரண்டுபேரும் மாறி மாறிக் கார் ஓடுவது என்றுதானே பேச்சு?

முதல் ஓட்டுநராக என் பெயரைப் போட்டதும் நீதான். ஏன் என்று கேட்டேன். "உனக்குத்தானே பட்டம் கிடக்கு." பட்டத்துக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் இரண்டு வீட்டிலும் முதல் பட்டம் என்பதால் அதைச் சொல்லி நீ எதையும் சாதிப்பாய். பட்டமளிப்பு அன்று இந்த நாட்டு வழக்கப்படி எனக்குச் சூட்டிய லோரல் இலை மாலையை அம்மா அடுத்த ஞாயிறே பிய்த்து ஆட்டுக்கறிக்குள் போட்டபோது, "தொத்தோரெஸ்ஸா கறி, பட்டதாரி அம்மான்ரை கறி, எல்லாரும் மரியாதையாச் சாப்பிடுங்கோ," என்று பரிமாறினாய்.

லிபெர்த்தாத் தெருவில் நீ பராமரித்த வயதான சிஞ்ஞோராவின் பழைய காரில்தான் என்னைப் பக்கத்து ஊர் பகேரியா வரைக்கும் ஓடவிட்டாய். ஞாயிறுகளில் அந்த அம்மாவைப் பூசைக்கு ஏற்றி இறக்குவதற்கு உனக்குக் கிடைத்த சலுகை அது. நான் ஸ்கூட்டர்களுக்குப் பயந்து ஓரமாக ஊர்வேன். நீ ஜன்னலால் தலையை நீட்டி, பலெர்மோத் தெருப்பெடியளே வெட்கப்படுகிற இத்தாலியனில் ஏசுவாய். பிறகு என் பக்கம் திரும்பிச் சாந்தமாக, "எல்லாரையும் சந்தேகப்படு. சந்தேகப்படுறவள் சாகமாட்டாள்," என்பாய்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், உன் உடம்பை மட்டும் நம்பினாய். களைப்பு என்றாய், சிஞ்ஞோரா வீட்டு மாடிப்படி என்றாய்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பேச்சு வந்தது. இரண்டு அம்மாக்களும் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். "நான் போகேலாமல் போனால் இவள் போகாமல் இருக்கக்கூடாது. அண்ணா போவான். அண்ணா ஓடுவான்," என்று சொன்னாய். என் அம்மா உடனே தலையாட்டினார். நான் உன் கால்மாட்டில் நின்றேன். உன் மீது எனக்கு வந்த ஒரே கோபம் அன்றுதான். பகேரியாப் பாதையில் அவ்வளவு பாடுபட்டு என்னைப் பழக்கிவிட்டு, கடைசியில் நீயும் மற்றவர்களைப்போல ஓர் ஆம்பிளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டாயே என்று நினைத்தேன். இத்தனை மாதமும் அந்தக் கோபத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.

உன் அண்ணாமீதும் சந்தேகம் வளர்ந்துகொண்டே போனது. இந்தக் கிழமை முழுக்க அவரிடமிருந்து குறுஞ்செய்திகள். கார் கியரா, தானாக மாறுவதா? நீர் ஹைவேயில் ஓடியிருக்கிறீரா? மழைக்குள் ஓடியிருக்கிறீரா? பொம்பிளை ஓடினால் பயம்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்று காலை வேலைக்குப் போகிறவழியில், சந்தைச் சத்தத்துக்குள் நின்றால் என் குரல் நடுங்குவது கேட்காது என்று மீன்கடைக்குப் பக்கத்தில் நின்று அவருக்கு அழைப்பு எடுத்தேன். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்."

"எனக்கும் ஒண்டு சொல்லவேணும். நீர் முதல் கேளும்."

"இது... பொம்பிளை பாக்கிற பயணமோ?"

மீன்காரனின் கூவலுக்கு மேலால் அவர் சிரித்தார். உன்னுடைய அதே சிரிப்பு, மூக்கால் தொடங்கி.

"எனக்கும் உந்தச் சந்தேகம்தான். அம்மா என்னைத் தாடியை எடு எண்டவ. எரிமலைக்கு என்ரை தாடியாலை என்ன கரைச்சல்?"

"பின்னை ஏன் வாறன் எண்டனீங்கள்?"

"தங்கச்சி கேட்டவள். அம்மா கேட்டால் நான் ஓடுவன் எண்டு மட்டும் சொல்லு, மிச்சத்தை நீர் பாத்துக்கொள்ளுவீர் எண்டவள்."

"அப்ப நீங்கள்தானே ஓடப்போறியள்?"

"அதைத்தான் நான் சொல்ல வந்தனான்." குரல் இறங்கியது. "எனக்கு லைசன்ஸ் இல்லை."

"தொலைச்சுப்போட்டியளோ?"

"எடுத்தால்தானே தொலைக்க. ரெண்டு தரம் பெயில். நான் வேலைக்குப் பஸ்ஸிலைதான் போறனான். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதையும், என்ன?"

"அவளுக்குத் தெரியுமோ?"

"அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

மீன்கடைத் தண்ணீர் என் சப்பாத்தை நனைத்தது. நான் நகரவில்லை. நோர்வேயில் இருக்கிறவன், ஆம்பிளைப் பிள்ளை, கட்டாயம் ஓடுவான் என்று இரண்டு அம்மாக்களும் முடிவு கட்டியிருந்தார்கள். ஒருவராவது அவரிடம் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை வைத்தே அவர்களிடம் எனக்கு அனுமதி எடுத்துத் தந்திருக்கிறாய். கள்ளி. மருந்து ஏறிக்கொண்டிருந்த கையோடு, இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, அப்பாவி முகத்தோடு. முதல் ஓட்டுநர், வலப்பக்கத்துக் கடல், நீ ரோட்டைப் பார் என்றது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் தலையில் விழுந்தன. எப்போதிருந்து உனக்குத் தெரியும்? நீ வரமாட்டாய் என்பதும் அந்த மேசையிலேயே தெரிந்திருந்ததா? இந்தச் சந்தேகத்தை மட்டும் நான் துருவப்போவதில்லை.

சனிக்கிழமை வரும், போகும். என் பெயரை நான் மாற்றவில்லை. அம்மா கேட்டால் எல்லாம் சரி என்பேன், அது பொய்யில்லை. உன் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுவேன். சில்லுக்குத் தேசிக்காயும் வைப்பேன். காற்றுக்கு எதிராக நிறுத்திவிட்டு, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறப்பேன். ஒற்றைவழிப் பாலத்தில், எனக்கு முன்னுரிமை இருந்தாலும், எதிரே வருகிறவனைச் சந்தேகப்படுவேன்.

இனி, முதலிலிருந்தே கேட்க நினைத்து, வெட்கத்தில் கடைசிக்குத் தள்ளிய ஒன்று. தொலைபேசியை வைக்கமுதல் உன் அண்ணா சொன்னார்: "முன்சீட் அவளின்ரை. நான் பின்னாலை இருக்கிறன்." நானும் சரி என்றுவிட்டேன். ஆனால் அவ்வளவு நீளமான பாதையில் வழி பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கண்ணாடியில் மட்டும் ஒருவரைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதும் நல்லதில்லை. அம்மாக்கள் நினைப்பது போல ஒன்றும் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதையும் நீ சந்தேகப்படலாம். உன் இடத்தைக் கேட்கவில்லை, அது யாருக்கும் கிடையாது. தெற்குக் கரை தொடங்கும் இடத்தில் காரை ஓரமாக நிறுத்தி, அவரை முன்னால் கூப்பிடட்டுமா? உன் கடல் பக்கத்துச் சீட்டை அவருக்குக் கொடு.